அயல்நாட்டில் அடுக்ககம் கொள்ளல்

ஆதியாகமத்தின் 23ஆம் அதிகாரத்தில் அயலார் ஒருவர் நிலம் வாங்கிய வரலாறு சொல்லப்பட்டிருக்கின்றது. சாராள் இறந்தபொழுது அவளை அடக்கஞ் செய்வதற்கு ஆபிரகாமுக்குக் கையகல நிலமும் சொந்தமாக இல்லை. அவர் அந்நாட்டிற் பரதேசி. ஆதலின் முதற்கண் ஊர்ப் பெருமக்கள் முன்னிலையில் எழுந்து நின்று, தாம் அந்நியர் என்பதை மறையாது உரைத்து, நிலங் கொள்ளுதற்கு அவர்தம் இசைவை வேண்டினார். பின்னர் மக்பேலா என்னுங் குகையையும், அதனைச் சார்ந்த வயலையும், வயலில் நின்ற மரங்களையும் எல்லையோடு பேசி முடித்தார். நிலத்துக்குரியவன் விலையின்றியே தருவதாகச் சொல்லியும் அவர் உடன்பட்டாரில்லை. வணிகரிடத்துச் செல்லும் வெள்ளி 400 சேக்கலை நகர வாயிலிற் கூடியிருந்தோர் யாவரும் அறிய நிறுத்துக் கொடுத்தார். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் இதனைக் கேட்டபொழுது, ஒரு கிரயத்தை இத்துணை விரிவாக எழுதி வைப்பானேன் என்று யாம் எண்ணியதுண்டு. சென்ற கோடை விடுமுறையில், முத்தாண்டிக்குப்பத்தில் எம் அத்தையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு கட்டுக் காகிதங்களைப் படிக்க நேர்ந்த பின்னரே அதன் காரணம் எமக்கு விளங்கிற்று.

முத்தாண்டிக்குப்பம் பலாவும் முந்திரியும் செழித்து வளருஞ் செம்மண் நாட்டில் உள்ளது. 1956இல் நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய நாள் தொட்டு, அப்பக்கத்துச் சிற்றூர்கள் பல சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்திருக்கின்றன. எம் மாமாவின் முன்னோர் நிலமும் அவ்வாறு போனதே. அதற்கு ஈடாகக் கிடைத்த தொகை, மாமா காலமான பின்னர், அத்தையார் பெயரில் வங்கியிற் கிடந்தது. அவர் மகனாகிய எம் அத்தான் துபாயில் 14 ஆண்டு மின்பணி செய்து, இனி அங்குப் போவதில்லை என்று ஊர் திரும்பியவர். சென்னையில் ஒரு பெரிய விடுதியில் நடந்த வீடு விற்பனைக் கண்காட்சிக்குச் சென்ற அவர், துபாயில் ஓர் அடுக்ககத்தில் ஒற்றையறை வீடு வாங்குவதாக முன்பணச் சீட்டில் ஏறக்குறையக் கையொப்பமிட்டுவிட்டே வந்திருந்தார். ‘தமிழ் படிக்கிறவன் நீ, சட்டத் தமிழும் உனக்குத் தெரியாமலா போகும்?’ என்று காகிதங்களை எம்மிடம் நீட்டினார். அவை யாவும் ஆங்கிலத்தில் இருந்தன என்பது வேறு செய்தி. பக்கத்தில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த அத்தையார் ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: ‘தம்பி, இங்கே சுரங்கத்துக்கு எடுத்தமாதிரி அங்கேயும் எடுத்துக்கிட மாட்டாங்களா?’

அவ்வினாவுக்குப் பின்னர் வருவோம். அடுக்ககம் என்பது யாது என்பதை முன்னர்ச் சொல்லிவிடல் நன்று. மேனாட்டார் கண்டோமினியம் என்று வழங்குவதைப் பண்ருட்டிப் பக்கத்தார்க்கு விளக்குதல் அரிதன்று. ஒரு பலாப்பழத்தை நினைத்துக்கொள்க. சுளை ஒவ்வொன்றும் ஒவ்வொருவர்க்கு. தோலும் சடையும் நடுத்தண்டும் எல்லார்க்கும் பொது. வீட்டின் உட்புறம் வாங்கினவர்க்கு உரியது. நிலமும் படிக்கட்டும் மாடித்தளமும் மின்தூக்கியும் அனைவர்க்கும் பிரிபடாத பங்காய் உரியவை. அவற்றின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணங் கட்டவேண்டும். வீடு பூட்டிக்கிடப்பினும் கட்டவேண்டும். மண் தனியாகக் கைமாறாமையால், அந்நியர்க்கு நிலம் விற்க மனமில்லாத நாடுகளும் அடுக்ககத்தின் உள்ளறையை விற்க ஒருவாறு இசைகின்றன. அயல்நாட்டில் வீடு வாங்குவோர் பெரும்பாலும் அடுக்ககத்தையே நாடுதற்குக் காரணம் இதுவே.

அவ்விசைவு நாட்டுக்கு நாடு வேறுபடும். துபாயில் 2002 வரை அயல்நாட்டார்க்கு வீட்டுரிமை இல்லை. அவ்வாண்டில் ஆட்சியாளர் ஆணையால் வாயில் திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம் அதற்கு வரம்பு கட்டிற்று. அமீரக நாட்டாரும் வளைகுடா நாட்டாரும் எங்கும் வாங்கலாம். பிறர், ஆட்சியாளர் குறித்த பகுதிகளில் மட்டுமே முழு உரிமையாகவோ, 99 ஆண்டு வரையிலான குத்தகையாகவோ கொள்ளலாம். ஆகவே வாங்குமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, வீடு அழகியதா என்பதன்று. அது குறிக்கப்பட்ட பகுதியினுள் நிற்கின்றதா, கிடைப்பது உரிமையா குத்தகையா என்பதே. அத்தான் கொணர்ந்த வண்ணத்தாளிற் கடலும் பேரீச்சை மரமும் இருந்தன; இவ்விரண்டுக்கும் விடை இல்லை. நிலப்பதிவுத் துறையில் விலையில் 4 விழுக்காடு பதிவுக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதும் அதில் மிகச் சிறிய எழுத்திலேதான் இருந்தது.

சிங்கப்பூரில் அடுக்ககம் வாங்க அயலார்க்குத் தடையில்லை. ஆனால் முத்திரைத் தீர்வையே மதிலாக நிற்கின்றது. 2011 டிசம்பரில் அயலார் மீது 10 விழுக்காடாகத் தொடங்கிய கூடுதல் தீர்வை, படிப்படியாக ஏறி 2023 ஏப்ரல் 27 முதல் 60 விழுக்காடு ஆயிற்று. நூறு வெள்ளிக்கு வீடு வாங்குவோர் அறுபது வெள்ளியை அரசுக்கு வைக்கவேண்டும். அமெரிக்கர், சுவிட்சர்லாந்தார் முதலிய சில நாட்டார்க்கு உடன்படிக்கையால் அது இல்லை. இந்தியர்க்கு அச்சலுகை கிடையாது. சிங்கப்பூரைத் தம் கையாற் கட்டியெழுப்பிய எம் நாட்டுத் தொழிலாளர் அங்கே ஓர் அறை வாங்க நினைப்பினும் இம்மதில் தடுக்கும் என்பதை நினைக்குங்கால் எமக்கு வருத்தமே மிகுகின்றது. எனினும் தம் குடிகளுக்கு வீடு எட்டாமற் போதலைத் தடுக்க அவ்வரசு செய்ததை முற்றும் பழித்தலும் ஆகாது.

மலேசியாவில் தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவின்படி மாநில அரசின் எழுத்துமூலமான இசைவின்றி அந்நியர் வாங்கல் செல்லாது. குறைந்த விலை வீடுகளும், மலாய்க்காரர்க்கென ஒதுக்கப்பட்ட நிலமும் அவர்க்கு இல்லை. கோலாலம்பூரில் 10 இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த வீட்டை அந்நியர் வாங்கலாகாது. இலங்கை வகுத்த விதி இன்னும் வியப்பானதாயிருந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம் அந்நியர்க்கு நிலம் விற்றலைத் தடுத்துவிட்டு, அடுக்ககத்தின் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு மட்டும் விலக்களித்தது. அதுவும் முழு விலையும் பத்திரம் எழுதுமுன்னரே வெளிநாட்டிலிருந்து வங்கி வழி வந்திருத்தல் வேண்டும் என்னும் உறுதியோடு. மண்ணிலிருந்து நான்கு மாடி உயர்ந்தால் அந்நியன் அந்நியனாகான் போலும்!

இனிப் பணத்தின் செய்திக்கு வருவோம். உண்மையில் இதுவே பெருந்தடை. விற்போர் சொல்லாமல் விடுவதும் இதுவே. 1999இல் இயற்றப்பெற்று 2000 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், வெளிநாட்டில் வதிந்த காலத்தில் ஒருவர் அங்கே வாங்கிய சொத்தை, அவர் தாயகம் திரும்பிய பின்னரும் தாமே வைத்துக்கொள்ளலாம் என்கின்றது. அத்தான் துபாயில் இருந்தபொழுதே தம் ஊதியத்தால் அவ்வறையை வாங்கியிருப்பின், இங்குள்ள வங்கியை ஒரு சொற் கேட்கவேண்டியதில்லை. நிலையாகத் திரும்பிவிட்டமையால் அவர் இன்று உள்நாட்டில் வதிவோராகிவிட்டார். அன்று திறந்திருந்த வாயில் மூடிக்கொண்டது. இனி வேறு வாயிலாற் புகவேண்டும்.

திரும்பியோர் தம் வெளிநாட்டுச் சேமிப்பை அயல்நாணயமாகவே வைத்துக்கொள்ளத் தனிக் கணக்கொன்று உண்டு. அதிலுள்ள தொகையை வெளிநாட்டுச் சொத்து வாங்கவும் தடையின்றி அனுப்பலாம். அத்தானிடம் அக்கணக்கு இல்லை. காரணம் கேட்டபொழுது முதலிற் பேசாதிருந்தார். பின்னர்ச் சொன்னார்: அவர் அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி உண்டியலில் வந்தது. உண்டியல் என்பது வாசகர்க்குப் புதிதன்று. அங்கே ஒருவரிடம் திர்ஹாம் கொடுத்தால், மறுநாள் இங்கே இன்னொருவர் வீட்டு வாயிலில் ரூபாயை எண்ணித் தருவார். வங்கியினும் விரைவு, விலையும் சற்று மிகுதி. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, அதற்குச் சீட்டில்லை என்பதே ஏழையை வருத்துங் கேடு. பதினான்கு ஆண்டு உழைத்த ஒருவர், தாம் ஈட்டியதாக எழுத்திற் காட்டத்தக்கது, தகரப்பெட்டியின் அடியிற் கிடந்த சில பணமாற்றுக் கடைச் சீட்டுகள் மட்டுமே. நகர வாயிலில் எல்லார்க்கும் முன் வெள்ளியை நிறுத்துக்கொடுத்த பெரியவர் எதற்காக அவ்வாறு செய்தார் என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது.

எஞ்சியிருந்தது அத்தையார் பெயரிலிருந்த ஈட்டுத்தொகை. உள்நாட்டில் வதிவோர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புதற்கு ரிசர்வ் வங்கி 2004 பிப்ரவரியில் வகுத்த தாராளப் பணவனுப்பு முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் அதன் எல்லை ஆளொருவர்க்கு 25,000 டாலர். 2015 முதல் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். இடையில் 2013 ஆகஸ்டில், ரூபாயின் மதிப்பு சரிந்த நாளில், எல்லையை 75,000 ஆகக் குறைத்ததோடு, இம்முறையில் வெளிநாட்டில் வீடு வாங்குதலையே ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. அடுத்த ஆண்டில் அத்தடையை நீக்கிற்று. தவணைமுறையில் வாங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ளல்வேண்டும். இரண்டு தவணை கட்டியபின் மூன்றாந் தவணைக்கு வாயில் அடைபட்டால், அங்கே கட்டிடக்காரர் காத்திரார். ரூபாய் சரிய, திர்ஹாமிற் கட்டவேண்டிய தவணையும் ரூபாய்க் கணக்கில் ஏறும். 2004இல் ஏறத்தாழ 45 ரூபாயாயிருந்த டாலர் இப்பொழுது 85க்கு மேற்பட்டுவிட்டது. திர்ஹாமோ டாலரோடு கட்டுண்டது.

அனுப்பும் முறை இது: பணம் அனுப்புவோர் தம் வருமானவரி நிரந்தர எண்ணைக் காட்டி, ஏ2 என்னும் படிவத்தில் இன்ன காரியத்துக்கு அனுப்புகின்றேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தல் வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்பதை வங்கி வினவும். அத்தையார்க்கு இதில் இடரில்லை. ஈட்டுத்தொகை வழங்கிய ஆணை கையில் உள்ளது. இதற்கென வங்கியிற் கடன் பெறலாம் என்று கண்காட்சியில் ஒருவர் சொன்னாராம். அது பிழை. இம்முறையிற் சொத்து வாங்கப் பணம் அனுப்புதற்கு இந்திய வங்கிகள் கடன் தரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அடுத்தது, கேட்டோர் திடுக்கிடும் ஒன்று. ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் இவ்வாறு அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 விழுக்காட்டை வங்கி வரியாகத் தனியே தண்டி அரசுக்குச் செலுத்தும். 2023 அக்டோபரில் 7 இலட்சமாயிருந்த இவ்வெல்லை 2025 ஏப்ரல் முதல் 10 இலட்சமாயிற்று. கணக்கின் எளிமைக்காக 60 இலட்சம் அனுப்புவதாகக் கொள்வோம். 50 இலட்சத்துக்கு 20 விழுக்காடாக 10 இலட்சத்தை மேற்கொண்டு எடுத்துவைத்தல் வேண்டும். இப்பணம் அழிந்துபோவதன்று. வருமானவரிக் கணக்குச் செலுத்தும்பொழுது கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லாதவர் திரும்பப் பெறலாம். ஆனால் கணக்குச் செலுத்தினாற்றான் திரும்பும். திரும்புங்காறும் அப்பணம் கையில் இராது. பெருந்தனவந்தர்க்கு இது ஒரு பொருட்டன்று. கடைசிக் காசையும் எண்ணி வீடு வாங்குவோர்க்கு இதுவே முட்டுக்கட்டை. தாயும் மகனும் கூட்டுரிமையாக வாங்கித் தம்தம் கணக்கிலிருந்து 30 இலட்சமாக அனுப்பின், இருவர்க்கும் தனித்தனி எல்லை உண்டாதலின், எடுத்துவைக்க வேண்டுவது 8 இலட்சமாகக் குறையும். அங்ஙனஞ் செய்யின், இருவர் பெயரும் பத்திரத்தில் இருத்தல் வேண்டும். பணத்தை இருவர் அனுப்பிப் பத்திரத்தை ஒருவர் பெயரில் எழுதுதல் பின்னர்ப் பெருந்தொல்லையாய் முடியும்.

வாங்கியபின் மறைத்துவைத்தலும் ஆகாது. உள்நாட்டில் வதிவோர் ஆண்டுதோறும் தம் வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தைக் குறிப்பிடல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் கறுப்புப்பணச் சட்டத்தின்படி, குறிக்காது விட்டதற்குத் தண்டம் 10 இலட்சம் ரூபாய். 2024 அக்டோபரில் 20 இலட்சத்துக்குட்பட்ட வங்கிக் கணக்கு, பங்கு முதலியவற்றுக்கு விலக்களித்தார்கள்; வீடு நிலங்களுக்கு அவ்விலக்கு இல்லை. வாடகை வாங்குதற்கு அங்கே ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும். வேலை நுழைவுச்சீட்டு நீக்கப்பட்டுத் திரும்பியவர்க்கு அங்கே கணக்குத் திறத்தல் எளிதன்று என்பதை அத்தானே அறிவார். அவருடைய பழைய கணக்கு அவர் வருமுன்பே மூடப்பட்டுவிட்டது. நேரிற் போகாது பிறர்க்கு அதிகாரப் பத்திரங் கொடுப்பதாயின், அதற்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

வாங்கியவர் இறந்தால் யாது நிகழும்? நம் நாட்டுக் கிறித்தவர்க்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மக்களுக்கு எஞ்சியதும் தருகின்றது. அமீரகத்தில் 2023 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள சட்டம், முஸ்லிமல்லாதார் விருப்ப ஆவணம் எழுதாது இறப்பின், பாதியை வாழ்க்கைத் துணைக்கும் பாதியை மக்களுக்குச் சமமாகவும் பகிர்கின்றது. தாய்நாட்டுச் சட்டத்தை வேண்டவும் இடமளிக்கின்றது. விருப்ப ஆவணம் ஒன்றை அங்கேயே பதிந்துவைத்தால் இவ்வழக்கு எழாது.

அத்தையாரின் வினா எஞ்சி நிற்கின்றது. எடுத்துக்கொள்ள மாட்டார்களா? பர்மாவை நினைந்தால் ‘மாட்டார்கள்’ என்று சொல்ல நா எழவில்லை. நகரத்தார் அங்கே நிலம் வாங்கச் சென்றவரல்லர். கடன் கொடுக்கச் சென்றவர். 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கே. நெல் விலை வீழ்ந்து, கடன் திரும்பாது, ஈடு வைத்த நிலமே கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தமையால், 1937இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலத்தை நாட்டுடைமையாக்குஞ் சட்டம் வந்தது. உழுதவன் நிலத்தை இழந்த துயரும் உண்மை; பத்திரம் கையிலிருந்தும் நகரத்தார் வெறுங்கையோடு மீண்டதும் உண்மை. அக்காலத்துச் சொத்தின் நினைவு நம் சட்டத்தில் இன்றும் உள்ளது. வெளிநாட்டுச் சொத்தைப் பற்றிய நம் விதிகள், 1947 ஜூலை 8ஆம் நாள் வரை வாங்கப்பெற்று, ரிசர்வ் வங்கியின் இசைவோடு தொடர்ந்து வைத்திருக்கும் சொத்துக்கு இன்றளவும் விலக்களிக்கின்றன.

துபாயின் நிலை பர்மாவின் நிலையன்று. அங்கே அஞ்சத்தக்கது நாட்டுடைமையன்று; கட்டி முடியாத கட்டிடம். 2008இன் நெருக்கடியில் விலை பெரிதுஞ் சரிந்தது; தொடங்கிய பல அடுக்ககங்கள் நின்றன; முன்பணங் கட்டியோர் அலைந்தனர். அதற்குச் சற்று முன்னரே, வாங்குவோர் பணம் கட்டிடக்காரர் பையிற் போகாமல் தனிக்கணக்கில் இருந்து, வேலை நடக்குந்தோறும் விடுவிக்கப்படல் வேண்டும் என 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம் விதித்திருந்தது. ஆகவே பணத்தை எக்கணக்குக்கு அனுப்பச் சொல்கின்றார்கள் என்பதைப் பார்த்தல் வேண்டும். அத்தானின் சீட்டில் இருந்த கணக்கு எண், கட்டிடத்தின் தனிக்கணக்கன்று; சென்னையிலிருந்த தரகர் ஒருவரின் கணக்கு.

இதனை யாம் சொன்னபொழுது அத்தான் நெடுநேரம் அச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையார் முந்திரித் தோலைக் கூட்டித் தள்ளிவிட்டு எழுந்தார். எடுத்துக்கொள்வார்களா என்பதற்கு எம் விடை அவர்க்கு நிறைவு தந்ததாகத் தோன்றவில்லை. ‘என்னவோ தம்பி, பணம் என் பேர்ல இருக்கு. எங்க வாங்கினாலும் பத்திரத்துல என் பேரு முதல்ல இருக்கணும். பணம் போற சீட்டு என் பொட்டியில இருக்கணும்’ என்றார். மறுநாட் காலையில் அவரும் அத்தானும் நெய்வேலியிலுள்ள வங்கிக்குப் பேருந்தேறினர், படிவத்தை வாங்கி வருதற்கன்று, முதலில் அதனை யாரேனும் தமிழிற் படித்துக்காட்டுவார்களா என்று கேட்டு வருதற்கு.